அடி எங்கே போய் இறங்கும்?

போடியில் பழைய ஜீப் வாங்க வருகிறவர்கள் போனட்டைத் தூக்குவார்கள், ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பார்கள், புகையின் நிறத்தைப் பார்ப்பார்கள், கடைசியில் டயரை ஒரு உதை உதைத்துவிட்டு விலை பேசத் தொடங்குவார்கள். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் டிரைவர்கள் அப்படிச் செய்வதில்லை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடதும் வலதுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டிக்கொண்டிருக்க, இன்னொருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். இன்ஜின் கெட்டால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். முன் ஆக்ஸிலில் ஒரு பந்து மூட்டு கழன்று விழுந்தால், போடிமெட்டு வளைவில் வண்டி எந்தப் பக்கம் போகும் என்பது டிரைவர் கையில் இல்லை.

எங்களுக்குக் கேரளத்துப் பூப்பாறைக்கு மேலே சின்னதாக ஓர் ஏலத்தோட்டம். வீடு போடியில். அப்பா காலத்து மஹிந்திரா ஜீப் ஒன்றும், நான் பிறகு வாங்கிய மாருதி ஜிப்ஸி ஒன்றும் இருக்கின்றன. இரண்டுமே முன்னால் உருட்டு ஆக்ஸில், அதாவது இரண்டு சக்கரங்களையும் ஒரே கனத்த இரும்புக் கூடு இணைக்கும் வகை. கீழே பட்டை ஸ்பிரிங். இன்று ஷோரூமில் கிடைக்கும் மஹிந்திரா தாரில் முன் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு வந்துவிட்டது. 2023-இல் வந்த மாருதி ஜிம்னியில் இன்னும் முன்னாலும் பின்னாலும் உருட்டு ஆக்ஸில்தான். நான் இங்கே பேசுவது பழைய வகையைப் பற்றி. போடி, தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்து விடிவதற்குள் மலையேறும் தோட்ட ஜீப்புகளிலும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப்போகும் ஜீப்புகளிலும் இந்தப் பழைய வகை இன்னும் நிறைய ஓடுகிறது.

முதலில் சங்கிலி எப்படிப் போகிறது என்று பார்த்துவிடலாம். ஸ்டியரிங் சக்கரத்திலிருந்து தண்டு வழியாக ஸ்டியரிங் பாக்ஸ். பாக்ஸிலிருந்து கீழே தொங்கும் கை, நம் ஊரில் டிராப் ஆர்ம் என்போம். அதன் நுனியிலிருந்து டிராக் லிங்க் என்ற கம்பி ஆக்ஸிலுக்கு வருகிறது. ஆக்ஸிலின் இரண்டு முனைகளிலும் சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிள். இரண்டு நக்கிளையும் சேர்த்துக் கட்டும் நீளக் கம்பி டை ராடு. 1940-களின் இறுதியில் மஹிந்திரா கோர்க்கத் தொடங்கிய வில்லிஸ் வம்சத்து ஜீப்புகளில் இன்னொரு துண்டு கூடுதலாக உண்டு. டிராக் லிங்க் நேராக நக்கிளுக்குப் போகாமல், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் முன் குறுக்குச் சட்டத்தில் ஒரு ஊசியில் சுழலும் பெல் கிராங்க் என்ற முக்கோணத் துண்டுக்கு வரும். அங்கிருந்து இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என இரண்டு டை ராடு பிரியும். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பந்து மூட்டு. ஒவ்வொரு மூட்டிலும் அரை மில்லிமீட்டர் தேய்ந்தால் போதும், எல்லாம் கூடி ஸ்டியரிங் சக்கரம் நன்றாகவே வெறுமனே சுற்றும். பெல் கிராங்க் ஊசி தேய்ந்த ஜீப்பை ஓட்டியவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

தேய்மானத்தை உண்டாக்குவது மலை. ஆனால் மலையில் அது தெரியாது. முதல் கியரில், பாறைமேல் பாறையாக மனிதன் நடக்கும் வேகத்தில் ஏறும்போது ஸ்டியரிங்கில் எவ்வளவு ஆட்டம் இருந்தாலும் ஓட்டிவிடலாம். கீழே இறங்கி, போடியிலிருந்து தேனிக்குப் போகும் நேர் ரோட்டில் 60-ஐத் தொடும்போதுதான், ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்ததும் முன் சக்கரம் இரண்டும் படபடவென்று உதறத் தொடங்கும். ஸ்டியரிங் கையில் நிற்காது, டேஷ்போர்டே ஆடும். வேகத்தைக் குறைத்தால் நின்றுவிடும். பலர் உடனே போய் ஸ்டியரிங் டேம்பரை மாற்றுவார்கள். டேம்பர் என்பது ஆட்டத்தை அமுக்கும் ஷாக் அப்சார்பர். புதுசு போட்டால் உதறல் நிற்கும்தான், ஆனால் உதறலை உண்டாக்கிய தளர்ந்த மூட்டு அப்படியே இருக்கும். அது மேலும் தளர்ந்து, புது டேம்பரையும் தின்றுவிட்டு, இன்னும் மோசமாகத் திரும்பி வரும். டேம்பரைக் கழற்றிவிட்டு ஓட்டினாலும் உதறாத வண்டிதான் சரியான வண்டி என்று நெடுங்கண்டம் பக்கத்து ஒர்க்‌ஷாப் ஆசான் சொல்வார். அவர் மலையாளி; அரை நூற்றாண்டாகத் தமிழ் டிரைவர்களோடு பழகியதால் அவருடைய தமிழ் தனி ரகம். எனக்குத் தெரிந்த பாதி விஷயம் அவர் கடை வாசலில் கட்டஞ்சாயா குடித்துக்கொண்டு கேட்டதுதான்.

அந்த அடியில் படுத்துப் பார்க்கும் சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காசே இல்லாமல் பத்தில் ஒன்பது கோளாறை அது சொல்லிவிடும். சக்கரங்கள் தரையில் இருக்க வேண்டும், ஜாக்கி போடக் கூடாது. ஹேண்ட்பிரேக் இழுத்து, பின் சக்கரத்துக்குக் கல் வைத்தாயிற்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் ஸ்டியரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டட்டும். நீங்கள் பாக்ஸிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மூட்டாகக் கண்ணால் பார்த்து, உள்ளங்கையை மூட்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைந்தால் அந்த மூட்டு போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் உள்ளங்கையில் ‘டக்’ என்று தெரியும். பந்து மூட்டை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். பாக்ஸை சேசிஸோடு பிடித்திருக்கும் போல்ட், சேசிஸ் தகடு, பட்டையின் புஷ், பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பாக்ஸே சேசிஸோடு சேர்ந்து மூச்சு விடுவது மாதிரி மேலும் கீழும் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அது வீல் பேரிங்கா கிங்பின்னா என்ற சந்தேகம் வரும். உள்ளே இருப்பவரை பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாமல் இருந்தால் கிங்பின். இடது வலதாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் என்றால் டை ராடு முனைகளைச் சந்தேகப்படலாம்.

கிங்பின் என்ற பெயரில் இங்கே நாம் சொல்வது, நக்கிள் எந்த அச்சில் திரும்புகிறதோ அந்த மேல் கீழ் ஊசிகளையும் அவற்றைத் தாங்கும் டேப்பர் பேரிங்குகளையும். ஜிப்ஸி முன் ஆக்ஸிலின் பெரிய நோய் இங்கேதான். வண்டி பெரும்பாலான நேரம் நேராகத்தானே ஓடுகிறது, அதனால் பேரிங்கின் உருளைகள் ஒரே இடத்தில் நின்று அடி வாங்கி, வெளிவளையத்தில் வரிவரியாகத் தடம் பதித்துவிடும். கழற்றித் துடைத்து விரலால் தடவினால் தெரியும். அதன் பிறகு சக்கரம் நேர் நிலையில் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தது போல இருக்கும், அதிலிருந்து வெளியே வர ஒரு தயக்கம், வந்ததும் ஒரு துள்ளல். இதை ஷிம் எடுத்துச் சரிக்கட்டுவார்கள். ஊசியின் மூடிக்கு அடியில் மெல்லிய தகடுகள் இருக்கும். ஒன்றிரண்டை எடுத்தால் பேரிங் இறுகும். தடம் விழாத பேரிங்குக்கு அது சரியான வைத்தியம். தடம் விழுந்த பேரிங்கை இறுக்கினால் நேர் நிலையில் ஆட்டம் போகும், திருப்பும்போது பிடிக்கும். அதற்குப் புது பேரிங்தான். எவ்வளவு இறுக்கம் என்பதைக் கையால் குத்துமதிப்பாகச் சொல்கிறவர்கள் உண்டு. டை ராடைக் கழற்றிவிட்டு, நக்கிள் கையின் ஓட்டையில் தராசுக் கொக்கியை மாட்டி இழுத்து, எத்தனை கிலோவில் நகரத் தொடங்குகிறது என்று பார்த்து, கம்பெனி சர்வீஸ் புத்தகத்தின் கணக்கோடு ஒப்பிடுவதே முறை. ஏலக்காய் எடை போடும் சின்னத் தொங்கு தராசு போதும், வீட்டில் எல்லாரிடமும் இருக்கிறது.

நக்கிளுக்குள் நுழைந்திருக்கும் ஆக்ஸில் முனையின் பெரிய இரும்புப் பந்தையும் பார்த்துவிடுங்கள். அதன் வழவழப்பான பரப்பை ஒரு ஃபெல்ட் வளையமும் ரப்பர் சீலும் துடைத்துக்கொண்டே இருக்கும். இடுக்கி மழையில் செம்மண் குழம்பு அதில் அப்பிக் காய்ந்து, அடுத்த தடவை திருப்பும்போது உப்புத்தாள் மாதிரி சீலை அறுக்கும். பந்தில் துருக்குழி விழுந்துவிட்டால் எத்தனை புது சீல் போட்டாலும் கிழியும். தோட்டத்திலிருந்து இறங்கியதும் வண்டியைக் கழுவுகிறவர்கள் பாடிக்குத்தான் தண்ணீர் அடிப்பார்கள். இரண்டு பக்கமும் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி அந்தப் பந்தைத் துடைத்து மெல்லிசாக கிரீஸ் தடவுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. பந்தின் அடியில் கிரீஸுக்குப் பதில் நீர்த்த எண்ணெய் வழிந்தால் கதை வேறு. ஆக்ஸிலில் இருக்கும் டிஃபரென்ஷியல் என்ற கியர் தொகுதியின் ஆயில் உள் சீலைத் தாண்டி நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. விட்டால் பிரேக்குக்கும் போகும்.

சரி, மேம்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதத் தூண்டியது ஒரு ஜிப்ஸிதான். கம்பம் பக்கத்துத் தம்பி ஒருவர், நல்ல ரசனைக்காரர். வண்டியைத் தூக்கி, அதாவது உயரத்தைக் கூட்டி, பெரிய மட் டயர் போட்டு, பழைய டை ராடு இரண்டு தடவை வளைந்ததும் கடுப்பாகி, கெட்டியான திடக்கம்பியில் புது டை ராடு செய்து மாட்டினார். பவர் ஸ்டியரிங்கும் ஏற்றினார். அடுத்து ஒரு பாறை இடுக்கில் முன் சக்கரம் மாட்டிக்கொண்டபோது முழு பலத்தோடு திருப்பியிருக்கிறார். டை ராடு அசையவில்லை. பாக்ஸ் உட்கார்ந்திருந்த சேசிஸ் தகடு கிழிந்தது. ஆசானிடம் வண்டி வந்தபோது நானும் இருந்தேன். அவர் விரிசலைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டு, “கம்பி வளையலைன்னா அடி வேற எங்கயாச்சும் போகுமல்லோ, தம்பி” என்றார்.

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே எல்லா மேம்படுத்தலையும் யோசிக்கலாம் என்பது என் எண்ணம். பாறையில் சக்கரம் வாங்கும் அடி எங்கேயாவது இறங்கியாக வேண்டும். கம்பெனி கொடுத்த டை ராடு ஒல்லியாக இருப்பதில் ஒரு நன்மை உண்டு. வளைந்தால் வளைந்தது கண்ணுக்குத் தெரியும், வழியிலேயே ஓரளவு நிமிர்த்தலாம், புதிது வாங்கப் பெரிய செலவில்லை. அதைப் பலப்படுத்தும்போது அடி பந்து மூட்டுக்கோ நக்கிள் கைக்கோ, பாக்ஸின் உள் தண்டுக்கோ, சேசிஸுக்கோ போகிறது. இவை எதுவும் வளைந்து எச்சரிக்காது, சட்டென்று முறியும். ஆகவே டை ராடைக் கெட்டிப்படுத்த நினைப்பவர் முதலில் சேசிஸில் பாக்ஸ் உட்காரும் இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே உள்பக்கமும் ஒரு தகடு வைத்து, போல்ட் ஓட்டைக்குள் குழாய் நுழைத்து, இறுக்கும்போது சேசிஸ் சப்பாதபடி செய்துவிட்டுத்தான் கம்பிக்கு வர வேண்டும். வரிசையைத் தலைகீழாக்கினால் அந்தத் தம்பியின் கதைதான்.

கம்பி மாற்றும்போதும் “கெட்டி” என்றால் எல்லாரும் திடக்கம்பி என்றே எடுத்துக்கொள்கிறார்கள். டை ராடு வளைவது நசுக்கத்தில். வளைவை எதிர்ப்பதில் வெளிவிட்டத்துக்கு இருக்கும் செல்வாக்கு நான்காம் மடியில் வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 மி.மீ. திடக்கம்பியைவிட, 32 மி.மீ. வெளிவிட்டமும் 5 மி.மீ. சுவரும் கொண்ட குழாய் இரண்டு மடங்கு விறைப்பாக இருக்கும். எடையும் ஏழில் ஒரு பங்கு குறைவு. ஆனால் மூட்டு போடாத சீம்லெஸ் குழாயாக இருக்க வேண்டும், தண்ணீர் பைப்பில் செய்யக் கூடாது. முனைகளில் ஒன்று வலது மரை, ஒன்று இடது மரை, அப்போதுதான் குழாயைச் சுற்றியே நீளத்தைக் கூட்டிக் குறைக்க முடியும். மரை எவ்வளவு உள்ளே பிடித்திருக்கிறது என்று பாருங்கள். அலைன்மெண்ட் வரவில்லை என்று முனையை வெளியே உருவிக்கொண்டே போய், நாலு மரையில் தொங்கவிட்ட வண்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

லேத் பட்டறையில் நல்ல வேலைக்காரர் கிடைத்தால் குழாய் டை ராடு செய்வது பெரிய காரியமில்லை. நக்கிள் கையைச் சூடுபண்ணி வளைப்பதும், டிராக் லிங்கை வெட்டி வெல்டு வைத்து நீட்டுவதும் வேறு. அந்தக் கைகள் ஃபோர்ஜ் செய்து பதம் ஏற்றியவை, நெருப்பு காட்டினால் பதம் போய்விடும். எங்கள் பக்கம் இதைச் சர்வசாதாரணமாகச் செய்கிறார்கள். “வருஷக்கணக்கா ஓடுது அண்ணே” என்பார்கள். ஓடலாம். நான் அந்த வண்டியில் ஏற மாட்டேன்.

ரோஸ் ஜாயிண்ட் என்று பந்தயக் கார் மாதிரியான மூட்டுகள் இப்போது இணையத்தில் சுலபமாகக் கிடைக்கின்றன, பார்க்கவும் பளபளப்பாக இருக்கும். அவற்றுக்குப் பூட், அதாவது மூட்டை மூடும் ரப்பர் உறை, கிடையாது. செம்மண்ணும் தண்ணீரும் நேராகப் பந்துக்குள் போகும். கொழுக்குமலைப் பாதை மாதிரி இடத்தில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. கிரீஸ் நிப்பிள் வைத்த சாதாரணப் பந்து முனைதான் இந்த மண்ணுக்கு ஏற்றது. கிரீஸ் அடிப்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். பூட் ஓரத்தில் பழைய கிரீஸ் லேசாகக் கசியும்வரை அடித்து நிறுத்த வேண்டும். பலூன் மாதிரி ஊதவிட்டால் பூட் கிழிந்துவிடும், பிறகு அடித்த கிரீஸெல்லாம் வீண். லித்தியம் ஈ.பி. 2 வகை போதும். தென்மேற்கு மழைக்கு முன்னால், அதாவது மே மாதக் கடைசியில் ஒரு முறையும், மழை ஓய்ந்ததும் ஒரு முறையும் கட்டாயம். தேனிப் பக்கம் ஐப்பசி மழையும் சேர்ந்துகொள்வதால் மார்கழியில் இன்னொன்று. ஓடையில் ஹப் முங்கும் அளவுக்கு இறங்கியிருந்தால் மாதக்கணக்கு பார்க்காதீர்கள், அந்த வாரமே அடியுங்கள்.

பந்து முனையின் தண்டு கூம்பு வடிவம். அது கையின் கூம்பு ஓட்டைக்குள் இறுகி உட்காருவதால்தான் பிடிக்கிறது, நட்டு அதை இழுத்து வைப்பதோடு சரி. நட்டு தளர்ந்து ஓடினால் ஓட்டை முட்டை வடிவமாகிவிடும், பிறகு புது முனை போட்டாலும் ஆடும். ஸ்ப்ளிட் பின் ஓட்டை நேராக வரவில்லை என்று நட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பின் போடுகிற பழக்கம் பல இடங்களில் உண்டு. தளர்த்தவே கூடாது, அடுத்த வெட்டு நேருக்கு வரும்வரை மேலும் இறுக்க வேண்டும். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போடுவதும் வேண்டாம், ஒரு பொட்டலம் என்ன விலை வந்துவிடப் போகிறது. கழற்றும்போது தண்டின் நுனியில் சுத்தியலால் அடித்து மரையை நசுக்காமல், ஓட்டை இருக்கும் கையின் பக்கவாட்டில் ஒரு கனமான இரும்பை அண்டக் கொடுத்து மறுபக்கம் ஒரே அடி அடித்தால் கூம்பு தானாக விடும்.

வண்டியைத் தூக்குகிறவர்களுக்கு வரும் தொல்லை பலத்தைப் பற்றியதல்ல, கோணத்தைப் பற்றியது. கிங்பின் அச்சின் மேல்முனை சற்றே பின்பக்கம் சாய்ந்திருக்கும். அதுதான் காஸ்டர். பழைய வில்லிஸ் ஜீப்புக்கு 3 டிகிரி. அந்தச் சாய்வு இருப்பதால்தான் வளைவு முடிந்து கையை விட்டதும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருகிறது. ஷேக்கிள், அதாவது பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஆடும் துண்டு, முன்பக்கம் இருக்கும் ஜீப்பில் நீள ஷேக்கிள் போட்டுத் தூக்கினால், ஆக்ஸில் முன்பக்கமாகக் குனிந்து காஸ்டர் குறைந்துவிடும். வண்டி உயரமாகக் கம்பீரமாக நிற்கும், ரோட்டில் நாய்க்குட்டி மாதிரி அங்கும் இங்கும் அலையும். இதைச் சரிக்கட்ட ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைப்பார்கள். தடித்த பக்கம் எங்கே வர வேண்டும் என்பதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். பட்டைக்கு மேலே ஆக்ஸில் உட்கார்ந்திருந்தால் தடித்த பக்கம் முன்னால். ஆக்ஸிலுக்கு மேலே பட்டை இருந்தால் தடித்த பக்கம் பின்னால். காஸ்டரை ஏற்றும்போது டிஃபரென்ஷியலின் மூக்கு கீழே குனியும், முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டுக் கோணம் கூடும். அதனால் பேராசைப்பட்டு ஏழெட்டு டிகிரிக்குப் போகாதீர்கள். ஆப்பு வைத்தால் யூ போல்ட்டும் புதிதாகப் போடுங்கள், கொஞ்ச தூரம் ஓட்டியதும் மறுபடி இறுக்குங்கள்.

தூக்கினால் டிராக் லிங்கும் செங்குத்தாகச் சாயும். சக்கரம் பள்ளத்தில் ஏறி இறங்கும்போது சாய்ந்த கம்பி ஒரு வில்லில் சுழல்வதால் நக்கிளைத் தள்ளும் அல்லது இழுக்கும். நீங்கள் திருப்பாமலேயே ஸ்டியரிங் திரும்பும். இதற்கு இசட் வடிவில் வளைத்த டிராக் லிங்க் ஒன்றைப் பலர் மருந்தாகச் சொல்கிறார்கள். அது பட்டையில் இடிக்காமல் காப்பாற்றும், பந்து முனை தன் எல்லையைத் தாண்டிச் சாயாமலும் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஸ்டியரிங் தானாகத் திரும்புவது கம்பியின் உருவத்தைப் பார்த்து நடப்பதில்லை. இரண்டு பந்துகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே நூல் பிடித்தால் என்ன சாய்வோ அதுதான் கணக்கு. பந்துகள் இருந்த இடத்திலேயே இருக்க, கம்பியை எப்படி வளைத்தும் பிரயோஜனமில்லை. வளைந்த கம்பி நசுக்கத்துக்கு நேர்க்கம்பியைவிடச் சீக்கிரம் மடங்கும் என்பது மேலதிக நஷ்டம். நக்கிள் பக்கப் பந்தை உயர்த்த வேண்டும், அல்லது டிராப் ஆர்மை நீட்டிப் பாக்ஸ் பக்கப் பந்தைத் தாழ்த்த வேண்டும். நீள டிராப் ஆர்ம் பாக்ஸின் தண்டை அதிகம் முறுக்கும், அதாவது அடி மறுபடி பாக்ஸுக்கே போகிறது. நக்கிள் பக்கம் உயர்த்துவதையே நான் விரும்புவேன்.

வெளியே தள்ளி நிற்கும் அகல அலாய் வீலும், சக்கரத்தை வெளியே தள்ள ஹப்பில் வைக்கும் ஸ்பேசரும் இதே ரகம். கிங்பின் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம் கூடக் கூட, ஒவ்வொரு கல்லும் ஸ்டியரிங்கை உங்கள் கையிலிருந்து பிடுங்கும். பாறைமேல் போகும்போது கட்டைவிரலை ஸ்டியரிங் வளையத்துக்கு உள்ளே வைக்காதே என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

சட்ட விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறித்துக் கொடுத்ததிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அந்த வழக்கே கேரளத்திலிருந்து போனது. பூப்பாறைக்கும் குமுளிக்கும் நடுவே டயர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தமிழ்நாட்டுப் பதிவு வண்டியை நிறுத்தினால் வாதாட இடமில்லை. தேய்ந்த பாகத்தை அதே அளவுப் புதுப் பாகத்தால் மாற்றுவதற்கு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

ஸ்டியரிங் பாக்ஸுக்கு மேலே ஒரு திருகு இருக்கும். ஆட்டத்தைக் குறைக்க எல்லாரும் முதலில் கைவைப்பது அதில். நான் அதைக் கடைசியில்தான் தொடுவேன். பாக்ஸின் உள்பற்கள் நேர் நிலையில் மட்டும் நெருக்கமாகவும் இரண்டு பக்கமும் திரும்பும்போது தளர்வாகவும் இருக்கும்படிதான் செய்யப்பட்டவை. சக்கரம் நேராக இருக்கும்போதுதான் அந்தத் திருகைச் சரிசெய்ய வேண்டும். டை ராடு முனைகளின் ஆட்டத்தை அங்கே இறுக்கி மறைக்கப் பார்த்தால் நடுவில் பற்கள் அரைபட்டு, ஸ்டியரிங் நேருக்குத் திரும்பவே மறுக்கும்.

பவர் ஸ்டியரிங் ஏற்றுவது தோட்டப் பாதையில் பெரிய நிம்மதிதான், மறுக்க மாட்டேன். கையால் திருப்பும்போது கல்லில் சக்கரம் மாட்டினால் கை சொல்லிவிடும், நாமே நிறுத்திவிடுவோம். பம்ப் அதைச் சொல்லாது. முழு மடிப்பில் வைத்துக்கொண்டு அழுத்தினால் எண்ணெய் கொதிக்கும், ஏதோ ஒன்று வளையும். சக்கரம் திரும்பவில்லை என்றால் வண்டியை ஓர் அடி முன்னேயோ பின்னேயோ உருட்டிவிட்டுத் திருப்புங்கள். முழுக்க மடித்த நிலையில் நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தால் நக்கிளுக்குள் இருக்கும் ஆக்ஸில் மூட்டே உடையும். நக்கிளில் இருக்கும் ஸ்டாப்பர் போல்ட்டை, டயர் பட்டையில் உரசாத அளவுக்கு மட்டுமே வெளியே விட்டு வையுங்கள்.

மலைமேலே டை ராடு வளைந்தால் என்ன செய்வது? டை ராடு ஆக்ஸிலுக்குப் பின்னால் இருக்கும் வண்டியில், வளைந்ததும் நீளம் குறைந்து இரண்டு சக்கரமும் முன்பக்கம் அகன்று நிற்கும், வண்டி உழுதுகொண்டே போகும். கம்பியைக் கழற்றி, இரண்டு கற்களுக்கு நடுவே வைத்து, வண்டியின் எடையை ஜாக்கியால் அதன்மேல் இறக்கி மெதுவாக நிமிர்த்தலாம். நிமிர்த்திய இடம் மறுபடி மடங்கத் தயாராக இருக்கும் என்பதால், ஒரு ஆங்கிள் துண்டையோ நீளமான ரிஞ்ச்சையோ அதோடு சேர்த்து யூ கிளாம்ப்பால் கட்டி, மெதுவாக இறங்க வேண்டும். அதற்காக இரண்டடி ஆங்கிளும் நாலு கிளாம்ப்பும் எங்கள் ஜீப் சீட்டுக்கு அடியில் எப்போதும் கிடக்கும். கூடவே இடது மரை, வலது மரையில் ஒவ்வொரு பந்து முனை, ஸ்ப்ளிட் பின், ஒரு டப்பா கிரீஸ். வீடு வந்ததும் நிமிர்த்திய கம்பியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.

இதெல்லாம் மாற்றியதும் டோ-இன், அதாவது முன் சக்கரங்கள் முன்பக்கம் லேசாக உள்நோக்கி நிற்கும் அளவைப் பார்க்க வேண்டும். போடியில் கார்களுக்கான அலைன்மெண்ட் கடைகளில் பழைய ஜீப்பைக் கொண்டுபோனால் கம்ப்யூட்டரில் அதன் பெயரே இருக்காது, முகம் சுளிப்பார்கள். வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். ஒவ்வொரு முன் டயரையும் தூக்கிச் சுற்றவிட்டு, நடுவில் சாக்பீஸ் தடவி, அதன்மேல் ஒரு ஆணியை அசையாமல் பிடித்தால் மெல்லிய கோடு விழும். இறக்கி வைத்து, வண்டியைக் கொஞ்சம் முன்னே உருட்டிப் பட்டையை நிதானத்துக்கு வரவிட்டு, ஹப் உயரத்தில் டயர்களின் முன்பக்கக் கோடுகளுக்கு இடையே ஓர் அளவு, பின்பக்கக் கோடுகளுக்கு இடையே ஓர் அளவு எடுங்கள். முன் அளவு ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் பழைய ஜீப்புக்குப் போதும். டை ராடு கிளாம்ப்பின் போல்ட்டை இறுக்க மறந்துவிடாதீர்கள், பிறகு ஒரு சுற்று ஓட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.